களத்திலிருந்து ஜன்னல் வரை ஏழு மீட்டர்: அகச்சிவப்பு ஒளியில் அனுப்பும் எழுத்துகள் சிதைகின்றன

களத்துமேடு | ஞாயிறு, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது சேலத்தில். வெள்ளி இரவு மலைக்குப் போய் ஞாயிறு மாலை இறங்கிவிடுவேன். தோலுரித்துக் கழுவிய கொட்டையைச் சிமெண்ட் களத்தில் காயப்போடுகிறோம். டிசம்பரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி ஏறி வந்துவிடும். தார்ப்பாய் போடக் கொஞ்சம் தாமதித்தாலும் அன்று முழுவதும் காய்ந்தது வீணாகிவிடும்.

அதனால் களத்தின் நடுவே வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கும் ஒரு பெட்டி வைத்தேன். கிடங்கு ஜன்னலுக்கு உள்ளே அந்த அளவைக் காட்டும் திரை. முதலில் ஒயர்தான் இழுத்தேன். கொட்டையைக் கிளறும் பலகை பட்டு இரண்டு முறை அறுந்துவிட்டது. பிறகுதான் அகச்சிவப்பு ஒளிக்கு வந்தேன்.

களத்துப் பெட்டியில் ஏடிமெகா 328 என்ற நுண்கட்டுப்பாட்டுச் சிப் மட்டும், மூன்று பென்சில் பேட்டரிகளுடன். ஜன்னல் பக்கம் அர்டுயினோ நானோ என்ற சிறு மின்சுற்றுப் பலகை, ரிமோட் ஒளியை வாங்கும் டிஎஸ்ஓபி 1738 ரிசீவர். சிப்பின் டைமரை வைத்து, ரிசீவர் எதிர்பார்க்கும் 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை உண்டாக்கி, எல்இடியின் ஒரு காலை அந்தப் பின்னிலும், இன்னொரு காலை 330 ஓம் மின்தடை வழியாகத் தகவல் வெளியேறும் டிஎக்ஸ் பின்னிலும் கொடுத்திருக்கிறேன்.

9600 பாட் (நொடிக்கு அத்தனை பிட்) வேகத்தில் ஓர் எழுத்துகூடச் சரியாக வரவில்லை. 2400க்கு இறக்கினேன். சேலம் வீட்டு மேசையில், ஓர் அடி தூரத்தில், பாதி சரியாக வந்தது. மலைக்கு எடுத்துப் போனால் அதிகாலையில் வெறும் குப்பை. தூரத்தைக் கூட்டினால் மூன்றரை மீட்டரில் அடியோடு நின்றுவிடுகிறது. மூடுபனிதான் காரணமா? மூன்று வாரமாக இதிலேயே இருக்கிறேன். வழி சொல்லுங்கள்.

—

மலைப்பாதை | ஞாயிறு, இரவு 9.40

அகச்சிவப்பு மூடுபனியை ஊடுருவிச் செல்லும் என்று படித்திருக்கிறேன். எனவே பனியாக இருக்காது. ரிசீவரை மாற்றிப் பாருங்கள்.

—

அடிவாரம் | ஞாயிறு, இரவு 10.15

மலைப்பாதை நண்பரே, அந்தக் கருத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும். நாம் பயன்படுத்தும் எல்இடியின் அலைநீளம் 940 நானோமீட்டர், அதாவது ஒரு மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. மூடுபனித் துளி அதைவிடப் பல மடங்கு பெரியது. துளி அலைநீளத்தைவிடப் பெரிதாக இருந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியும் இந்த ஒளியும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறும். பனியை ஊடுருவிப் பார்க்கும் கேமராக்கள் வேறு ரகம். அவை பத்து மைக்ரான் வட்டாரத்தில் வேலை செய்பவை, அவையும் அடர்ந்த பனியில் திணறும்.

அதே சமயம், ஏழு மீட்டர் தூரத்துக்குப் பனியைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஐம்பது மீட்டருக்கு அப்பால் எதுவுமே தெரியாத பனி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஏழு மீட்டரில் நூற்றுக்கு 58 பங்கு ஒளி வந்து சேர்ந்துவிடும். பாதி ஒளி போனதால் தொடர்பு அறுகிறது என்றால், அதற்கு முன்பே அது விளிம்பில் நின்றிருக்க வேண்டும். ஏன் விளிம்பில் நின்றது என்பதைத்தான் தேட வேண்டும்.

9600 பாட் வேலை செய்யாததற்குக் காரணம் எளிது. 38 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 26.3 மைக்ரோநொடி. 9600இல் ஒரு பிட்டின் நீளம் 104 மைக்ரோநொடி. நான்கே சுற்று. இந்த ரிசீவர் ஒரு துடிப்பை நம்பிக்கையோடு ஏற்றுக்கொள்ளக் குறைந்தது பத்துச் சுற்று கேட்கும். 2400இல் பிட்டுக்கு 16 சுற்று கிடைக்கிறது, ஆனால் வெளியே வரும் துடிப்பின் நீளம் சில சுற்று கூடியோ குறைந்தோ வரும். பதினாறில் ஐந்து போனால் பிட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 1200க்கு வாருங்கள், பிட்டுக்கு 32 சுற்று. அனுப்ப வேண்டியது வெப்பநிலைதான், அதற்கு அந்த வேகம் தாராளம்.

—

வானொலிப்பெட்டி | திங்கள், காலை 5.50

தம்பி, நாற்பது வருடம் வானொலியும் தொலைக்காட்சியும் பழுது பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உங்கள் பெட்டிக்கு ஒரே நேரத்தில் பல நோய் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. இதில் இரண்டு சிப் பேசிக்கொள்வது ஒரு வேலை, ஒளி போய்ச் சேர்வது இன்னொரு வேலை. முதலில் ஒளியை வெளியே எடுத்துவிடுங்கள். டிஎக்ஸ் பின்னிலிருந்து நானோவில் தகவலை வாங்கும் ஆர்எக்ஸ் பின்னுக்கு ஓர் ஒயர், தரைக்கு ஓர் ஒயர். ஒயரிலேயே பேச முடியாத இருவர் ஒளியில் எப்படிப் பேசுவார்கள்? இந்தச் சோதனையைச் சேலத்தில் ஒரு முறையும், மலையில் விடியற்காலையில் ஒரு முறையும் செய்யுங்கள். முடிவு தெரியும் வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

—

களத்துமேடு | திங்கள், இரவு 8.30

ஐயா, சேலத்தில் இன்று ஒயர் போட்டுப் பார்த்துவிட்டேன். 1200இல் ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. மலைச் சோதனைக்குச் சனிக்கிழமை வரை பொறுக்க வேண்டும்.

—

அடிவாரம் | திங்கள், இரவு 9.05

ஒரு கேள்வி. களத்துச் சிப்பின் கடிகாரத்துக்குத் துல்லியமான கிரிஸ்டல் இருக்கிறதா, உள்ளேயே இருக்கும் ஆர்சி அலையியற்றியில் ஓடுகிறதா? "சிப் மட்டும்" என்று நீங்கள் எழுதியது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

—

களத்துமேடு | திங்கள், இரவு 9.20

உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ்தான். கிரிஸ்டல் போடவில்லை.

—

அடிவாரம் | திங்கள், இரவு 9.55

அப்படியென்றால் சனிக்கிழமை ஒரு வேலையைச் சேர்த்துச் செய்யுங்கள். களத்துச் சிப்பிலிருந்து 85 என்ற எண்ணையே ஓயாமல் அனுப்புங்கள். ஆங்கில எழுத்து யுவின் குறி எண் அதுதான். இருமத்தில் அது 01010101. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே வரும் தொடக்க பிட்டும் (0) பின்னே வரும் நிறுத்த பிட்டும் (1) சேரும்போது கோட்டில் 0, 1, 0, 1 என்று ஒழுங்கான சதுர அலை வந்துவிடும். ஒவ்வொரு 0வும் சரியாக ஒரு பிட் நீளம். நானோவில் துடிப்பு அளக்கும் கட்டளையால் அந்த நீளத்தை அளந்து, நூறு அளவுகளின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். 1200 பாட் என்றால் 833 மைக்ரோநொடி வர வேண்டும். நானோவில் இருக்கும் கடிகாரத்தை இதற்கு நம்பலாம். சேலத்திலும் அளங்கள், மலையிலும் அளங்கள்.

—

களத்துமேடு | சனி, காலை 6.25

களத்திலிருந்தே எழுதுகிறேன். கை விறைக்கிறது, பனியில் எதிர்த் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை.

சேலத்தில், நேற்று மதியம், 858 மைக்ரோநொடி. இங்கே, இப்போது, 871. ஒயரில் அனுப்பியும் பத்தில் நான்கு எழுத்து தப்பாக வருகிறது. இடையில் ஒளியே இல்லை. பனிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று இப்போதுதான் மனதில் பதிந்தது. மூன்று வாரம் எல்இடியை மாற்றிக்கொண்டிருந்தேன்.

—

அடிவாரம் | சனி, காலை 8.10

அருமையாக அளந்திருக்கிறீர்கள். 858 என்றால் கடிகாரம் 3 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. 871 என்றால் 4.5 சதவீதம்.

தொடர்முறைத் தகவலில் ஏற்பவர் தொடக்க பிட்டின் விளிம்பைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறார். அதன்பின் நிறுத்த பிட்டின் நடுப்பகுதி வரை, அதாவது ஒன்பதரை பிட் தூரம், கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறார். அதற்குள் அரை பிட் பிசகிவிட்டால் பக்கத்து பிட்டைப் படித்துவிடுவார். ஒன்பதரைக்கு அரை என்றால் சுமார் 5 சதவீதம். இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் இரண்டு சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது ஏடிமெகாவின் தரவுத்தாள். மூன்றில் தப்பித்தீர்கள், நாலரையில் மாட்டிக்கொண்டீர்கள்.

தொழிற்சாலையிலிருந்து வரும்போது இந்த உள் அலையியற்றிக்கு உறுதி சொல்லப்படுவதே 10 சதவீதம் கூடக்குறைய என்றுதான். அதற்கு மேல், வெப்பநிலையும் மின்னழுத்தமும் மாறினால் வேகமும் மாறும். குளிரில் இது மெதுவாகும். சேலத்து மதியத்துக்கும் ஏற்காட்டு விடியலுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே உங்கள் எண்ணில் இறங்கியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எழுத்தைச் சுமந்து செல்லும் 38 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையும் இதே கடிகாரத்திலிருந்துதான் பிறக்கிறது. எழுத்து நாலரை சதவீதம் பிசகினால் அதுவும் 36.4க்கு இறங்கிவிடும். இந்த ரிசீவரின் வடிகட்டி தன் நடு அதிர்வெண்ணில் பத்தில் ஒரு பங்கு அகலத்தைத்தான் நன்றாகக் கேட்கும், பக்கத்துக்கு 1.9 கிலோஹெர்ட்ஸ். நீங்கள் ஏறக்குறைய அதன் ஓரத்தில் நின்று கூப்பிட்டிருக்கிறீர்கள். எழுத்தும் சிதைந்தது, தூரமும் குறைந்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றே.

—

மலைப்பாதை | சனி, காலை 9.00

நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று போட்டுவிட்டால் தீர்ந்தது அல்லவா?

—

வானொலிப்பெட்டி | சனி, காலை 9.30

கிரிஸ்டல் சரி, 16 வேண்டாம். அந்த வேகத்துக்கு இந்தச் சிப் நாலு வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே வரைதான் தாங்கும். மூன்று பென்சில் பேட்டரி புதிதில் நாலரை வோல்ட், பத்து நாளில் கீழே வந்துவிடும். 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போடுங்கள், 2.7 வோல்ட் வரை கவலை இல்லை. இரண்டு பக்கமும் 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர், சிப்புக்கு ஒட்டினாற்போல. கிரிஸ்டலைச் சாலிடர் செய்த பிறகுதான், எந்தக் கடிகாரம் என்று சிப்புக்குச் சொல்லும் ஃபியூஸ் பிட்டை மாற்ற வேண்டும், தம்பி. முன்னதாக மாற்றினால் இல்லாத கடிகாரத்துக்காகச் சிப் காத்துக்கொண்டே இருக்கும். புரோகிராமருக்கும் பதில் சொல்லாது.

—

களத்துமேடு | செவ்வாய், இரவு 10.40

பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு கடையில் கிரிஸ்டல் கிடைத்தது. மாற்றிவிட்டேன். 85 சோதனையில் 833, 834 என்று நிலையாக நிற்கிறது. ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து எடுத்தும் அளந்தேன், அசையவில்லை.

ஒளியை மறுபடி சேர்த்தேன். நான்கு மீட்டர் வரை நன்றாக வருகிறது. அதற்கு மேல் இல்லை. எல்இடி எரிகிறதா என்று கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் பார்த்தேன். மங்கலான ஊதாப் புள்ளி தெரிகிறது. டிவி ரிமோட்டின் எல்இடியை அதே கேமராவில் பார்த்தால் கண்ணைப் பறிக்கிறது.

—

அடிவாரம் | புதன், காலை 7.20

அந்த ஒப்பீட்டிலேயே விடை இருக்கிறது. நாலரை வோல்ட்டில் எல்இடிக்கும் பின்களுக்கும் போக மீதி 330 ஓம் வழியே பாய்வது சுமார் 9 மில்லிஆம்பியர். நல்ல அகச்சிவப்பு எல்இடி ஒன்று 100 மில்லிஆம்பியரில் ஒரு ஸ்டெரேடியனுக்கு (திண்மக் கோண அலகு) 60 மில்லிவாட் போலத் தரும். 9 மில்லிஆம்பியரில் ஐந்து கிடைக்கலாம். தூரத்தின் இருமடியால் வகுங்கள்: ஏழு மீட்டரில் சதுர மீட்டருக்கு 0.1 மில்லிவாட். ரிசீவருக்கு வேண்டியது சுமார் 0.35. இந்தக் கணக்கின்படி உங்கள் எல்லை 3.8 மீட்டர். நீங்கள் கண்டது நான்கு.

100 மில்லிஆம்பியர் கொடுத்தால் ஏழு மீட்டரில் 1.2 வரும். நான் முதல் நாள் சொன்ன பனி வந்து பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தின்றாலும் 0.7 மிஞ்சும்.

—

வானொலிப்பெட்டி | புதன், காலை 8.00

அந்த மின்னோட்டத்தைச் சிப்பின் பின் தாங்காது, டிரான்சிஸ்டர் வேண்டும். என்பிஎன் ரகத்தில் இரண்டு போதும். எல்இடியும் 27 ஓம் மின்தடையும் முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில். அதற்கு பிசி 337 போடுங்கள். பிசி 547க்கு 100 மில்லிஆம்பியர்தான் உச்ச வரம்பு, எல்லையில் ஓட்டக் கூடாது. அதன் பேஸுக்கு 1 கிலோஓம் வழியாக 38 கிலோஹெர்ட்ஸ். இரண்டாவது டிரான்சிஸ்டர் காவல்காரன்: கலெக்டர் முதலாவதின் பேஸில், எமிட்டர் தரையில், பேஸுக்கு 10 கிலோஓம் வழியாக டிஎக்ஸ். டிஎக்ஸ் சும்மா இருக்கும்போது உயர்நிலையில் இருக்கும். காவல்காரன் பேஸைத் தரையோடு அழுத்திப் பிடித்திருப்பான், எல்இடி அணைந்திருக்கும். டிஎக்ஸ் தாழ்ந்தால் பிடி விடும், எல்இடி துடிக்கும். ரிசீவரும் ஒளி கண்டால் தாழ்நிலைதான் தரும், அதனால் எங்கும் தலைகீழாக்க வேண்டியதில்லை.

ரிசீவரின் மின்வழியில் 100 ஓம் தொடராகவும், 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் அதன் காலுக்கு அருகிலும் வையுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

—

தறிச்சத்தம் | புதன், இரவு 9.15

நடுவில் புகுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாபேட்டையில் விசைத்தறி வைத்திருக்கிறோம். இரண்டு தறிகளின் கணக்குப் பெட்டிகள் இதே முறையில் ஒன்றோடொன்று பேசும்படி செய்திருக்கிறேன், இருவழியாக. நான் அனுப்பியதே எனக்குத் திரும்பி வருகிறது. எங்கே தவறு?

—

அடிவாரம் | புதன், இரவு 9.35

தவறு இல்லை. உங்கள் எல்இடியின் ஒளி சுவரிலும் தறியின் இரும்பிலும் பட்டு உங்கள் ரிசீவருக்கே வருகிறது. அனுப்பும்போது ஆர்எக்ஸை அணைத்துவிடுங்கள். கடைசி பிட் வெளியேறிச் சில மில்லிநொடி கழித்துத் திறங்கள். ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும்.

—

களத்துமேடு | ஞாயிறு, பிற்பகல் 3.00

டிரான்சிஸ்டர் போட்ட பிறகு ஏழு மீட்டரைத் தாண்டி, களத்தின் அந்தக் கரையிலிருந்தும் வருகிறது. ஆனால் ஒரு விநோதம். வெப்பநிலையை எழுத்துகளாக அனுப்புவதை விட்டு நேரடி பைட்டுகளாக (எட்டு பிட் எண்களாக) அனுப்பினேன். பைட்டில் 0 வந்தால் அதுவும் கெடுகிறது, அடுத்து வருவதும் கெடுகிறது. 85ஐ மணிக்கணக்கில் அனுப்பினாலும் பிசகுவதில்லை.

—

அடிவாரம் | ஞாயிறு, மாலை 6.45

இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். டிஎஸ்ஓபி 1738ஐ ஒயர் போல நினைக்கக் கூடாது. உள்ளே தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைப்பது போன்ற ஓர் அமைப்பு இருக்கிறது. ஓயாமல் வரும் எந்த 38 கிலோஹெர்ட்ஸையும் அது விளக்கு இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு தன் காதை மந்தமாக்கிக்கொள்ளும். துடிப்பு 70 சுற்றைத் தாண்டினால், கிட்டத்தட்ட அதே அளவு ஓய்வும் கேட்கும்.

0 என்ற பைட்டில் தொடக்க பிட்டோடு சேர்த்து ஒன்பது பிட் தொடர்ந்து ஒளி. 1200இல் அது ஏழரை மில்லிநொடி, 285 சுற்று. அதன்பின் நிறுத்த பிட்டில் ஓய்வு வெறும் 32 சுற்று. ரிசீவர் மந்தமாகிவிடுகிறது, அடுத்த பைட்டையும் விட்டுவிடுகிறது.

மான்செஸ்டர் குறியீட்டுக்கு வாருங்கள். ஒரு பைட்டை நான்கு நான்கு பிட்டாக இரண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு 1க்கும் 10 என்றும், ஒவ்வொரு 0க்கும் 01 என்றும் எழுதுங்கள். நான்கு பிட் எட்டு பிட்டாகும். 0000 என்பது 01010101. எண்ணிப் பாருங்கள், அது உங்கள் பழைய 85! 1111 என்பது 170. எந்த மதிப்பை எடுத்தாலும் தொடர்ந்து இரண்டு 0க்கு மேல் வரவே வராது, தொடக்க பிட்டைச் சேர்த்தாலும். இரண்டு பிட் என்பது 63 சுற்று. 70க்குள் அடங்கிவிட்டது. தகவலின் நீளம் இரட்டிக்கும், ஆனால் 00 அல்லது 11 என்ற ஜோடி வந்தால் பிழை என்று அப்போதே தெரிந்துவிடும்.

முதலில் இரண்டு 85, ரிசீவர் நிதானத்துக்கு வர. பிறகு தொடக்க அடையாளமாக 243. இருமத்தில் அது 11110011. மான்செஸ்டரில் வரவே முடியாத வடிவம், அதனால் தகவலோடு குழம்பாது. கடைசியில், பிழையைக் கண்டுபிடிக்க, தகவல் எண்களின் கூட்டுத்தொகை ஒரு பைட்.

—

களத்துமேடு | சனி, காலை 7.10

குறியீட்டை மாற்றிவிட்டேன். 0 வந்தாலும் பிசகவில்லை. நேற்று இரவு எட்டு மணி முதல் பத்து நொடிக்கு ஒரு முறை ஓடியது. நள்ளிரவு வரை ஒன்றுகூடத் தவறவில்லை. நான்கு மணிக்குப் பிறகு நிறையத் தவறியிருக்கிறது. ஒரு சந்தேகம்: ஐந்து மணிக்குக் கிடங்கில் விளக்குப் போடுவார்கள், பழைய சிஎஃப்எல்.

—

வானொலிப்பெட்டி | சனி, காலை 7.40

விளக்கு ஐந்து மணிக்கு, தவறு நான்கு மணிக்கு. இரண்டு காரணம் இருக்கும். சிஎஃப்எல்லின் மின்சுற்றும் முப்பது, நாற்பது கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் துடிக்கும், ஆகவே அதையும் மாற்றுங்கள். நான்கு மணிக்கு வருவது ஈரம். இப்போதே போய் ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள்.

—

களத்துமேடு | சனி, காலை 8.30

ஐயா, கண்ணாடி முழுக்க முத்து முத்தாகத் துளி. எல்இடியின் குமிழ் மீதும் ஒரு பெரிய துளி தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் துடைத்தேன், அடுத்த பத்தாவது நொடியில் திரையில் எண் வந்துவிட்டது. காற்றில் இருந்த பனியை அல்ல, கண்ணாடியில் படிந்த பனியைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்குப் பிவிசி குழாய் வெட்டி, வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்தினேன். ரிசீவரைக் கண்ணாடிக்கு வெளியே கொண்டுவந்துவிட்டேன். காலை வெயில் நேரே ரிசீவர் மேல் விழுவதும் இதனால் நின்றது. விளக்கை மாற்றியாகிவிட்டது.

—

களத்துமேடு | அடுத்த ஞாயிறு, காலை 6.50

வெள்ளி இரவு முதல் இப்போது வரை தொடர்ந்து ஓடுகிறது. தவறியவை மூன்றே மூன்று. அவையும் கூட்டுத்தொகையில் பிடிபட்டு ஒதுக்கப்பட்டன. நேற்று பிற்பகல் ஈரப்பதம் 64இலிருந்து ஏறத் தொடங்கியதைத் திரையில் பார்த்து, பனி களத்துக்கு வருமுன் தார்ப்பாய் போட்டுவிட்டோம். அம்மா ஜன்னலருகில் நின்று எண்ணை வாசித்துச் சொன்னார். அனைவருக்கும் நன்றி.

ஒரே கேள்வி பாக்கி. 100 மில்லிஆம்பியர் என்றால் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

—

அடிவாரம் | ஞாயிறு, காலை 9.00

எல்இடிக்குப் பயப்பட வேண்டாம். உங்கள் தகவல் மொத்தம் 13 பைட், 108 மில்லிநொடி. அதில் பாதி நேரம்தான் ஒளி, அந்த ஒளியிலும் பாதிச் சுற்று அணைந்திருக்கும். பத்து நொடிக்குப் பரப்பினால் சராசரி 0.3 மில்லிஆம்பியர். ஓயாமல் விழித்திருக்கும் சிப்தான் அதைப் போலப் பல மடங்கு எடுக்கிறது. அனுப்பி முடித்ததும் 38 கிலோஹெர்ட்ஸ் டைமரை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் காவல்கார டிரான்சிஸ்டர் வழியாகச் சும்மாவே மின்சாரம் கசியும். பிறகு சிப்பைத் தூங்க வைத்து, சிப்புக்குள்ளேயே இருக்கும் காவல் டைமரால் (வாட்ச்டாக்) எட்டு நொடிக்கு ஒரு முறை எழுப்புங்கள். டிஎக்ஸ் பின் உயர்நிலையிலேயே இருக்கட்டும்.